மழலையரும் மரக்கலமும்

சோழமண்டலக் கரையை அரபு நாட்டுப் புவியியலாரும் பயணிகளும் 'மஅபர்' என்னும் பெயரால் குறித்தனர். அரபியில் 'அபர' என்னும் வினையடி ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கடந்து போவதைச் சுட்டும். அவ்வடியில் பிறந்த மஅபர் என்ற சொல்லுக்குக் 'கடக்குமிடம்' என்று பொருள். நம் வழக்கில் சொன்னால் துறை. இன்றைய அரபியில் பயணிகளை அக்கரை சேர்க்கும் கப்பலுக்கு 'அப்பாரா' என்று பெயர். அதுவும் அதே வேரில் கிளைத்த சொல்லே. ஆகவே, நாகப்பட்டினத்திலிருந்து யாழ்ப்பாணத்துக் காங்கேசன்துறைக்கு இன்று ஓடும் விரைவுக் கப்பலைப் பற்றிப் பேசுவது புதுமையைப் பற்றிய பேச்சன்று. இக்கரை தன் பழம்பெயருக்கு உரிய தொழிலைச் செய்கிறது என்பதே அதன் பொருள்.

மஅபர் வரலாற்றை எழுதியோர் முத்தைக் கணக்கிட்டனர். அரபு நாட்டிலிருந்து பாண்டியர்க்கு வந்திறங்கிய குதிரைகளைக் கணக்கிட்டனர். மரக்காயர்தம் கலங்களையும் எண்ணினர். மரக்காயர் என்னும் பெயர் மரக்கலத்திலிருந்து வந்ததா, கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்ததா என்று நெடுநாள் வழக்காடியும் வருகின்றனர். ஆனால் அக்கலங்களில் தாயின் மடியில் கிடந்து கடல் கடந்த குழந்தைகளைப் பற்றி எழுதினோர் மிகச் சிலர். ஒரு கடல்வழி உண்மையிலேயே அமைதியானதா என்பதற்கு வணிகன் சான்றாகான். ஆதாயம் இருந்தால் அவன் புயலிலும் போவான். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்ல ஒரு குடும்பம் துணிகிறதா என்பதே சரியான உரைகல். நாம் இவ்வாறு கருதுவதற்கு இஸ்லாமிய வரலாற்றிலேயே ஒரு முன்மாதிரி உண்டு.

ஷாம் தேசத்தின் ஆளுநராக இருந்த முஆவியா (ரலி) கடற்படை நடத்த அனுமதி வேண்டியபோது கலீஃபா உமர் (ரலி) அவர்கள் இசையவில்லை. மரக்கட்டையொன்றின் மேல் மக்களை ஏற்றி நீரின் தயவில் விட அவர்களுக்கு மனம் வரவில்லை. பின்னர் உஸ்மான் (ரலி) அவர்கள் காலத்தில் வேண்டுகோள் மீண்டும் எழுந்தது. கடல் எளிது என்று முஆவியா எழுதினார். கலீஃபா விதித்த நிபந்தனையை வரலாற்றாசிரியர் பலாதுரீ பதிந்து வைத்திருக்கிறார்: மனைவியை உடன் கொண்டு கப்பலேறுவதானால் அனுமதி உண்டு, இன்றேல் இல்லை. அவ்வண்ணமே முஆவியா தம் துணைவியாருடன் ஹிஜ்ரி 28இல், அதாவது கி.பி. 649 அளவில், கிப்ரஸ் தீவுக்குப் புறப்பட்டார். அப்பயணத்தில் சென்ற உம்மு ஹராம் (ரலி) என்னும் மூதாட்டியார் அத்தீவிலேயே காலமாகி அடக்கமாயினர். கடல் எளிது என்று பிறருக்குச் சொல்பவன் தன் வீட்டாரையும் அதில் ஏற்றிக் காட்ட வேண்டும் என்ற இந்த நிபந்தனையைவிடக் கூரிய ஆய்வுமுறை இன்றைய கப்பல் சட்டங்களிலும் உண்டா என்று நமக்கு ஐயமே.

இப்போது நம் புதுச்சேரிக்கு வருவோம். கப்பலால் வாழ்ந்த இவ்வூருக்குக் கப்பல் ஒதுங்கும் துறைமுகம் இயற்கையாக அமையவில்லை என்பது விந்தை. பெருங்கப்பல்கள் கரையிலிருந்து விலகி ஆழ்கடலில் நங்கூரமிடும். ஆளும் சரக்கும் சலங்கு எனப்படும் தட்டையான படகில் அலையைத் தாண்டிச் செல்ல வேண்டும். ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் நாட்குறிப்பைப் படித்தோர் இச்சலங்குகளை மறந்திருக்கமாட்டார்கள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. கரையில் மோதும் அலையில் ஆணியடித்த படகு பிளந்து போகும். தைத்த படகோ நெளிந்து கொடுத்துத் தப்பும். பிள்ளை குட்டிகளோடு அயல்நாடு போவோர்க்கு ஆயிரம் கல் கடலைவிடக் கரையோரத்து மூன்று அலைகளே பெருஞ்சோதனை. 1866இல் இரும்புக் கால்கள் நட்டுப் பாலம் ஒன்று கடலுக்குள் கட்டப்பட்டது. 1952இன் புயல் அதனை அழித்தது. அதற்குப்பின் தெற்கே வேறொரு பாலம் எழுந்தது. அதுவும் 2022 மார்ச்சில் ஒரு பகுதி இடிந்து கடலில் விழுந்தது. 2025 ஜூலையில் ஒரு சுற்றுலாக் கப்பல் புதுச்சேரிக் கடலுக்கு வந்தபோதும் அது தொலைவிலேயே நின்றது. பயணிகள் சிறு படகுகளில்தான் கரை சேர்ந்தனர். ஆனந்தரங்கர் காலத்து முறை இன்னும் மாறவில்லை.

இக்கரையிலிருந்து குடும்பங்கள் மூன்று வகையாகக் கடல் கடந்தன. முதல் வகையினர் ஒப்பந்தக் கூலிகள். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848இல் அடிமை முறை ஒழிந்ததும் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. 'ஒரேலி' என்னும் பாய்மரக் கப்பல் 1853இல் மர்த்தினிக் தீவுக்கும், 1854 டிசம்பர் 24 அன்று குவாதலூப் தீவுக்கும் முதல் கூட்டங்களைக் கொண்டு சேர்த்தது. சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டது 1869இல்தான்; அதற்கு முன் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி மாதக்கணக்கில் ஓட வேண்டும். குவாதலூப்பில் இறங்கியோர் 344 பேர். அவர்கள் எல்லாரும் தனியாட்கள் அல்லர். அக்கப்பல்களில் பெண்டிரும் பிள்ளைகளும் இருந்தனர். அப்பிள்ளைகளின் வழிவந்தோர் இன்றும் அத்தீவுகளில் வாழ்கின்றனர். தமிழ் அவர்கள் நாவை விட்டு அகன்றுவிட்டது. மாரியம்மன் பெயர் மட்டும் அகலவில்லை.

இரண்டாம் வகையினர் சைகோன் சென்றோர். 1881இன் பிரெஞ்சு ஆணைப்படி தம் சாதி, சமயச் சட்டத்தை விடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமைச் சட்டத்தை ஏற்றோர் கொச்சின் சீனாவில் அரசுப் பணி பெற்றனர். வரி தண்டுதல், காவல், கலங்கரை விளக்கப் பணி என்று அவர்கள் பெற்ற வேலைகள் பல. பணி கிடைத்த பின் குடும்பத்தை வரவழைத்துக் கொண்டனர். புதுச்சேரி, காரைக்கால் முஸ்லிம்கள் பெரும்பாலும் துணிக்கடை வைக்கவும் பணம் மாற்றவும் சென்றனர். தென்னிந்திய முஸ்லிம்கள் சைகோனில் 1935இல் கட்டிய பள்ளிவாசல் இன்றும் தொழுகையோடு விளங்குகிறது. 1954இல் இந்தோசீனப் போர் முடிந்தபோதும், 1975இல் சைகோன் வீழ்ந்தபோதும் திரும்பி வந்த குடும்பங்களில் வியட்நாமிய மொழி பேசிய பிள்ளைகள் இருந்தனர். அவர்களுள் சிலர் நம் ஊர்த் தெருக்களில் முதியவர்களாய் நடமாடுவதை நாம் கண்டிருக்கிறோம்.

மூன்றாம் வகையினரைப் பற்றி நம் வாசகருக்கு விரித்துரைக்கத் தேவையில்லை. காரைக்கால், நாகூர், கூத்தாநல்லூர் வீடுகளில் 'ரஜூலா' என்ற பெயரைக் கேளாமல் வளர்ந்த முதியவர் இருக்க முடியாது. 1926இல் கட்டப்பட்ட அக்கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 40 ஆண்டுகளுக்கு மேல் ஓடியது. மேல்தளப் பயணியர் மட்டுமே ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் செல்ல இடமிருந்த கலம் அது. மேல்தளம் என்றால் பாய் விரித்துப் படுக்கும் வெற்றிடம். பெட்டியைச் சுற்றி வைத்துக் கொண்டால் அதுவே வீடு. ஒரு வாரம் அளவும் குழந்தைகள் அங்கே தவழ்ந்தன, நடை பழகின, தட்டம்மை கண்டு தேறின. சிங்கப்பூரில் 1828 முதல் 1830 வரை கட்டப்பட்ட நாகூர் தர்காவை நோக்கினால், அக்கரை சேர்ந்த பெற்றோர் எத்துணை அச்சத்தோடு போய் எத்துணை நன்றியோடு இறங்கினர் என்பது விளங்கும். ரஜூலாவுக்குப் பின் அவ்வழியில் ஓடிய 'சிதம்பரம்' கப்பல் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்துப் பிள்ளை. 1966இல் பிரெஞ்சுக் கப்பல் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்டு 'பாஸ்தர்' என்று பெயர் சூட்டப்பட்டது. பின்னர் இந்தியக் கப்பல் கழகம் வாங்கித் தமிழ்ப்பெயர் இட்டது. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து சென்னை வரும் வழியில் தீப்பற்றியது. பலர் மாண்டனர். பயணிக் கப்பல் என்ற வழக்கமே அத்துடன் அவ்வழியில் அற்றுப்போயிற்று.

இவை நெடுங்கடல். பாக் நீரிணையோ குளம் போன்றது என்று சிலர் எண்ணுவர். 14ஆம் நூற்றாண்டில் இலங்கையிலிருந்து மஅபர் நோக்கி வந்த இப்னு பதூதாவின் கப்பல் இக்கரையை அணுகும் வேளையில் ஆழமற்ற இடத்தில் தட்டி உடைந்தது. உடன் வந்த பெண்டிரையும் தோழர்களையும் தெப்பத்தில் முன்னே அனுப்பிவிட்டு, அவர் உடைந்த கலத்தின் பின்புறத்திலேயே இரவைக் கழித்தார். காரணம் எளிது: ஆழம் குறைந்த நீரில் காற்று எழுந்தால் அலை குறுகியும் செங்குத்தாகவும் எழும், நெடுங்கடலின் நீண்ட அலையைவிட அதுவே படகை அதிகமாகக் குலுக்கும்.

அக்குளத்தில் ஒருகாலத்தில் ஒரு முழு ஒழுங்கு நிலவியது. 1914 பிப்ரவரி 24 அன்று பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. சென்னை எழும்பூரில் ரயிலேறியவர் தனுஷ்கோடியில் இறங்கிக் கப்பலேறி, 22 மைல் கடந்து தலைமன்னாரில் மீண்டும் ரயிலேறிக் கொழும்பு சேர்ந்தார். 'போட் மெயில்' என்று மக்கள் அழைத்த அவ்வழியில் ஒரே பயணச்சீட்டு போதும். புதுச்சேரியார் விழுப்புரத்தில் அந்த வண்டியைப் பிடித்தனர். 1964 டிசம்பர் 22, 23 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியையும், அதனை நோக்கிச் சென்ற ரயிலையும், துறையையும் சேர்த்து விழுங்கியது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து கப்பல் ஓடியது.

அந்த இராமேசுவரக் கப்பலைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். புயலுக்கு இரண்டு திங்களுக்கு முன், 1964 அக்டோபர் 30 அன்று, லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் உடன்படிக்கை செய்து கொண்டனர். மலையகத் தோட்டங்களில் நாடற்றவராய் நின்ற 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர்ப் பார்த்துக்கொள்வது என்பது ஏற்பாடு. அவர்களை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக் கொண்டன. அவ்வுடன்படிக்கையில் பிள்ளைகளுக்கு ஒரு பெயர் உண்டு: 'இயற்கைப் பெருக்கம்'. இத்தனை பேர், அவர்களது இயற்கைப் பெருக்கத்துடன் என்று கணக்கு. தேயிலைச் செடிகளின் நடுவே பிறந்து, இந்தியாவைக் கண்ணாலும் காணாத குழந்தைகள் தலைமன்னாரில் கப்பலேறித் 'தாயகம் திரும்பியோர்' என்ற பெயருடன் இராமேசுவரத்தில் இறங்கினர். பிறந்த மண்ணை விட்டுப் போகும் குழந்தையைத் திரும்பி வருபவன் என்று எழுதிக்கொண்ட அலுவலகங்களின் மொழியை எண்ணி நாம் வியக்கிறோம்.

1983 ஜூலையில் இலங்கையில் மூண்ட வன்செயலுக்குப் பின் அக்கப்பலும் நின்றது. கப்பல் நின்றதே ஒழியக் கடத்தல் நிற்கவில்லை. இழைக்கண்ணாடிப் படகுகளில், இரவில், விளக்கின்றிக் குடும்பங்கள் வந்தன. சிலரைப் படகோட்டிகள் தனுஷ்கோடிக்கு அப்பாலுள்ள மணல் திட்டுகளில் இறக்கிவிட்டுச் சென்றனர். மண்டபம் முகாம் வழியாகத் தமிழ்நாடெங்கும் அவர்கள் குடியமர்த்தப்பட்டனர். புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே சென்றால் வரும் கீழ்புத்துப்பட்டு முகாம் அவற்றுள் ஒன்று. அங்கே பிறந்து வளர்ந்து பிள்ளை பெற்றோரும் உளர்.

அக்கரையிலும் ஒரு கடத்தல் நிகழ்ந்தது. நம் இதழின் வாசகர் அதனை மறத்தல் தகாது. 1990 அக்டோபர் இறுதியில் தமிழீழ விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்கள் அனைவரையும் வெளியேறப் பணித்தனர். யாழ்ப்பாண நகரத்துச் சோனகத் தெரு மக்களுக்கு அக்டோபர் 30 அன்று கிடைத்த அவகாசம் இரண்டு மணி நேரம். மன்னார்த் தீவினர் கைக்குழந்தைகளுடன் படகேறித் தெற்கே கற்பிட்டிக் கரையை அடைந்தனர். வெளியேறியோர் தொகை ஏறத்தாழ 75,000. தமிழ் பேசிய மக்களைத் தமிழின் பெயரால் கடலில் ஏற்றிய அந்நாள், தமிழரின் துயர வரலாற்றுக்குள்ளேயே எழுதப்பட வேண்டிய ஒன்று. போர் 2009இல் முடிந்த பின் சிலர் திரும்பினர். 1990இல் மடியில் சென்ற குழந்தை, தன் மடியில் குழந்தையோடு திரும்பி இடிந்த வீட்டின் சுவரைக் கண்டது.

இத்தனைக்கும் பின்னர்தான் அமைதிக்காலக் கப்பல் வருகிறது. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஒரு பெருங்கப்பல் விடப்பட்டது. அவ்வாண்டு நவம்பரிலேயே நின்றுவிட்டது. காங்கேசன்துறைக்குக் காரைக்காலிலிருந்து சேவை வரும் என்று 2022 முதற்கொண்டு பேச்சு அடிபட்டது. நம் மாநிலத்துக்குக் கிட்ட இருந்த அப்பேறு, இருபது கிலோமீட்டர் தெற்கே நாகப்பட்டினத்துக்குப் போயிற்று. 2023 அக்டோபர் 14 அன்று 150 இருக்கைகளுடன் 'செரியபாணி' என்னும் விரைவுக் கலம் புறப்பட்டது. ஒருவழிக் கட்டணம் வரியுடன் 7,670 ரூபாய். ஒரு வாரத்துக்குள், அக்டோபர் 20 அளவில், வடகிழக்குப் பருவக் காற்றைக் காரணம் காட்டி அது நிறுத்தப்பட்டது. ஐப்பசி பிறக்கும் வேளையில் சோழமண்டலக் கடலில் ஒரு சேவையைத் தொடங்கலாமா என்று வீராம்பட்டினத்து மீனவர் எவரைக் கேட்டிருந்தாலும் விடை கிடைத்திருக்கும். 'சிவகங்கை' என்னும் கலம் 2024 ஆகஸ்ட் 16 அன்று தனியார் பொறுப்பில் தொடங்கியது. 1962இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவுடன் இணைந்ததும் ஓர் ஆகஸ்ட் 16தான். தற்செயலே ஆயினும் புதுவையாருக்கு நினைவில் நிற்கும் நாள். இதுவும் மழைக்காலத்தில் நின்று, 2025 பிப்ரவரியில் மீண்டும் ஓடலாயிற்று.

தொலைவு ஏறக்குறைய 110 கிலோமீட்டர்; காலம் நான்கு மணி நேரம். முல்லா வீதியிலிருந்து நாகப்பட்டினம் போய்ச் சேரவும் நமக்கு ஏறக்குறைய அதே நேரம் ஆகிறது. விரைவு என்பதைப் பற்றி நம் முன்னோர் எண்ணிப் பார்த்ததுண்டா என்று கேட்போருக்கு ஒரு செய்தி. இமாம் நவவீ அவர்கள் ஹிஜ்ரி 676இல் மறைந்தவர்கள். நம் கரையோரத்து ஷாஃபிஈ மதரஸாக்களில் ஓதப்படும் அவர்தம் 'மின்ஹாஜ்' நூலில் பயணத் தொழுகையைச் சுருக்குவது பற்றிய பகுதியில், இதில் கடலும் நிலமும் ஒன்றே என்றும், அத்தொலைவைக் கடலில் ஒரு நாழிகையில் கடந்துவிட்டாலும் சுருக்கித் தொழும் சலுகை உண்டு என்றும் தீர்ப்புக் கூறுகிறார்கள். பாய்மரமன்றி வேறறியாத காலத்தில் இரண்டு நாள் வழியை ஒரு பொழுதில் கடக்கும் கலத்தை அவர்கள் கருத்தில் கண்டார்கள். தலைசுற்றும் என்று அஞ்சுவோர் கப்பலில் அமர்ந்து தொழலாம் என்பதும் அச்சட்டநூல்களில் உண்டு. அநாதைப் பிள்ளையின் சொத்தைக் காப்பாளன் கடல்வழி கொண்டு செல்லலாகாது என்ற தடையும் உண்டு. பிள்ளையின் பொருளுக்கே அத்தனை எச்சரிக்கை!

நாம் பேரப்பிள்ளைகள் இருவருடன் இக்கப்பலில் சென்று வந்தோம். ரஜூலாவின் விரிந்த தளம் இதில் இல்லை. குளிரூட்டிய மூடிய அறை, வரிசை வரிசையாக இருக்கைகள். இரண்டு வயதுக் குழந்தை புறப்பட்ட சிறிது நேரத்தில் உறங்கிவிட்டது. ஏழு வயதுப் பிள்ளை வாந்தியெடுத்து வாடிப்போனான். இது இயற்கையே. உடல் ஆடுகிறது என்று காதின் உட்பகுதி சொல்ல, அறை அசையாமல் நிற்கிறது என்று கண் சொல்ல, மூளை குழம்புவதே கடல்மயக்கம். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளை அது பெரும்பாலும் தொடுவதில்லை. பள்ளிப் பருவத்துப் பிள்ளைகளையே மிகுதியும் வாட்டும். கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் இருத்தி, படம் பார்க்கவோ படிக்கவோ விடாமல், சாளரத்தின் வழியே அடிவானத்தைப் பார்க்கச் சொன்னால் குறையும். வயிறு வெறுமையாகவும் இருக்கலாகாது, நிறைந்தும் இருக்கலாகாது. இட்லி ஒன்றும் எலுமிச்சங்காயும் போதும் என்று பக்கத்து இருக்கை யாழ்ப்பாணத்து அம்மையார் சொன்னது முற்றிலும் சரியாக இருந்தது.

கப்பலேறியவுடன் கேட்க வேண்டியது ஒன்றுண்டு: குழந்தைக்கான மிதவைச் சட்டை எங்கே? பெரியவர் சட்டையைக் குழந்தைக்கு மாட்டினால் நீரில் விழும்போது அது தலைவழியே கழன்றுவிடும். 1912இல் டைட்டானிக் மூழ்கியபோது மாண்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் கீழ்த்தளத்து மூன்றாம் வகுப்பினர். அதன் விளைவாகவே 1914இல் கடலில் உயிர்காப்பு பற்றிய முதல் உலக உடன்படிக்கை உருவாயிற்று. எனினும் பன்னாட்டுப் பயணிக் கப்பல்களில் கைக்குழந்தைக்கென்று தனி மிதவைச் சட்டை கட்டாயமானது 2010இல்தான். இயற்கைப் பெருக்கம் என்று எழுதியவர்களை மட்டும் குறை சொல்வானேன்? உலகம் முழுவதுமே குழந்தையைக் கணக்கில் எடுக்க ஏறத்தாழ நூறாண்டு தாமதித்தது.

நாம் சென்ற அந்நாளில் கப்பலில் மொத்தம் பதினொரு பிள்ளைகள் இருந்தனர். அவர்களில் நால்வர் பேச்சு யாழ்ப்பாணத் தமிழ். ஒரு சிறுமி கீழ்புத்துப்பட்டிலிருந்து தன் பாட்டியின் ஊரை முதன்முறையாகக் காண வந்தவள். காங்கேசன்துறைக் கலங்கரை விளக்கம் தென்பட்டதும் சாளரத்தருகே முதலில் ஓடியவள் அவளே. பாட்டி எழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருக்கையிலேயே அமர்ந்திருந்தார்.

புதுவையிலிருந்து செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். கைக்குழந்தைக்கும் தனிக் கடவுச்சீட்டு வேண்டும். தாயின் சீட்டில் பெயர் சேர்க்கும் பழைய வழக்கம் இப்போது செல்லாது. கப்பல் காலையில் புறப்படுவதால், முதல் நாளே நாகூர் சென்று தங்குதல் பிள்ளைகளுக்கு நலம். மாசி, பங்குனி மாதங்களில் கடல் அடங்கியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கப்பல் ஓடினாலும் நீங்கள் ஏறாதீர்கள்.